ஓட்டி வந்தவரே மூட்டையும் இறக்கணுமா?

வீடு கட்டுகிறீர்கள். சிமென்ட் லோடு வரப்போகிறது. அல்லது வேலை மாற்றலாகி பீரோ, கட்டில், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் ஒரு வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறீர்கள். விடியற்காலை நாலரை மணிக்கு வாசலில் ஹாரன் சத்தம். கதவைத் திறந்து பார்த்தால் லாரி வந்துவிட்டது. ஓட்டுநர் மட்டும் தனியாக நிற்கிறார். லோடுமேன்கள் வர எட்டு மணியாகும். அப்போது உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை என்ன?

"தம்பி, நீங்களே கொஞ்சம் இறக்கிப் போட்டுடுங்களேன்... டீக்கு ஏதாவது தர்றேன்!"

இப்படிக் கேட்காதவர்கள் நம்மில் குறைவு. அவரும் பெரும்பாலும் மறுப்பதில்லை. மூணு மணி நேரம் சும்மா நின்றால் அடுத்த லோடு கை நழுவிப் போகும். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பின்பக்கம் ஏறிவிடுவார்.

இதில் என்ன தப்பு என்கிறீர்களா? எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் லாரி ஓடாத பாதை குறைவு. கந்தர்வகோட்டை முந்திரி, கீரமங்கலம், வடகாடு பக்கத்து வாழை, பலா, தேங்காய், அறந்தாங்கி அரிசி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் மீன், காட்டிலிருந்து காகித ஆலைக்குப் போகும் தைல மரம், ஜல்லி, கருங்கல்... எல்லாம் லாரியில்தான். ஆகவே, இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வருகிற ஓட்டுநர்களுக்கும் பஞ்சமில்லை. "எப்போ வலி ஆரம்பிச்சுது?" என்று கேட்டால், "ஓட்டும்போது இல்லீங்கய்யா, இறக்கும்போதுதான்!" என்பார்கள்.

பாதிதான் உண்மை. ஓட்டும்போதே முதுகு வலுவிழந்துவிட்டது. இறக்கும்போது அது வெளியே தெரிந்தது. அவ்வளவுதான்!

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. ஓட்டுவது ஒரு வேலை, இறக்குவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே உடம்பின் மீது, நடுவில் ஓய்வு தராமல் ஏற்றக்கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

இருக்கையிலிருந்து நேரே மூட்டைக்கா?

நம் முதுகெலும்பில் ஒவ்வோர் எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி ஒரு வட்டு இருக்கிறது. 'டிஸ்க்' என்கிறோமே, அதுதான். ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960-களிலேயே இந்த வட்டுக்குள் ஊசி செலுத்தி, அழுத்தத்தை அளந்து பார்த்தார். நேராக நிற்கும்போது இருப்பதைவிட, சாய்மானம் இல்லாமல் முன்னால் கவிழ்ந்து உட்காரும்போது அழுத்தம் கூடுகிறது. குனிந்து பாரம் தூக்கும்போது இன்னும் பல படி ஏறுகிறது.

ஓட்டுநரின் நிலைமையைப் பாருங்கள். ஐந்தாறு மணி நேரம் வளைந்த முதுகோடு உட்கார்ந்திருக்கிறார். கீழே எஞ்சின் அதிர்வு, ரோட்டுப் பள்ளத்தின் குலுக்கல். இப்படி நெடுநேரம் உட்கார்ந்தால் முதுகெலும்பை இழுத்துக் கட்டியிருக்கும் நார்கள், நாள்பட்ட ரப்பர் வளையம் போல இளகிவிடும். மறுபடியும் இறுக அவற்றுக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுக்காமல், கதவைத் திறந்து குதித்த கையோடு 50 கிலோ மூட்டையைத் தூக்கினால் பாரத்தைத் தாங்குவது யார்? அந்த வட்டுதான்!

"சரி, இரண்டு மணி நேரம் கேபினிலேயே படுத்துத் தூங்கிட்டு அப்புறம் இறக்கட்டுமே?" என்று கேட்கலாம். தூங்கட்டும், நல்லதுதான். ஆனால் எழுந்த உடனே குனியக்கூடாது. படுத்திருக்கும் நேரத்தில் வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். தூங்கி எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்து பாரம் தூக்குவது, மற்ற நேரத்தைவிட முதுகுக்கு அதிக ஆபத்து. விடியற்காலையில் எழுப்பி "இறக்கு" என்பதில் உள்ள கெடுதல் இதுதான்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். 200 மூட்டை சிமென்ட் என்றால் 10,000 கிலோ, அதாவது 10 டன். இரண்டு பேர் இறக்கினால் ஆளுக்கு 5 டன்! அமெரிக்காவின் தொழில்நல ஆராய்ச்சி நிறுவனம் 1991-ல் வகுத்த கணக்குப்படி, எல்லாச் சூழ்நிலையும் சரியாக இருந்தால்கூட ஒருவர் தூக்கத்தக்க எடை 23 கிலோ. நம் சிமென்ட் மூட்டை அதைப் போல் இரு மடங்கு.

வைத்தியம் தெரிந்தது, வாழ்க்கை தெரியவில்லையே!

சித்த மருத்துவத்தில் நாபிக்குக் கீழே வாதத்தின் இடம் என்போம். யூகி முனிவர் வாத நோய்களை 80 என்று பிரித்துச் சொன்னார். அதில் தண்டக வாதம் என்பதை, இன்று 'லம்பார் ஸ்பாண்டிலோசிஸ்' எனப்படும் இடுப்பு எலும்புத் தேய்வோடு ஒப்பிட்டுக் கல்லூரியில் படித்தோம். அதிக உழைப்பு, அகால உணவு, தூக்கக் கேடு, இவை வாதத்தைக் கிளப்பும். லாரி ஓட்டுநரின் ஒரு நாளைத்தான் இது விவரிக்கிறதோ என்று தோன்றும்!

இன்னொன்றும் உண்டு. அடக்கக்கூடாதவை என்று பதினான்கு வேகங்களைச் சித்தர்கள் சொல்லியிருக்கிறார்கள். சிறுநீர், மலம், பசி, தாகம், தூக்கம், இளைப்பு எல்லாம் அதில் அடக்கம். இந்த ஆறையும் ஒரே ராத்திரியில் அடக்குகிற மனிதர் ஓட்டுநர். மலச்சிக்கலோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரம் தூக்கினால் என்ன ஆகும்? மூலம் வெளியே தள்ளும். அடிவயிற்றுத் தசை பலவீனமாக இருந்தால் குடலிறக்கம், அதாவது ஹெர்னியா, எட்டிப் பார்க்கும். ரத்தக் கொதிப்பு உள்ளவருக்கோ, மூச்சை அடக்கித் தூக்கும் அந்த நொடியில் கொதிப்பு மளமளவென்று ஏறும்.

ஆலங்குடிப் பக்கத்து ஓட்டுநர் ஒருவர், நாற்பதைத் தாண்டியவர், மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். இரவெல்லாம் ஓட்டிப் போய், கடைக்காரர் அவசரப்படுத்தினார் என்று ஓட்டிய கையோடு மூட்டை இறக்கியிருக்கிறார். பாதியில் இடுப்பில் 'சுளீர்' என்று ஒரு வெட்டு. அப்படியே வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு வந்துவிட்டார். ஊரில் ஒருவரிடம் உருவிவிட்டுக்கொண்டார். நாலாம் நாள் வலது பாதம் தொங்கிப் போச்சு! "ஐயா, ஆக்சிலேட்டர்லேருந்து காலைத் தூக்கி பிரேக்குல வைக்க முடியலீங்க" என்றார். வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தியிருந்தது. அன்றைக்கே நரம்பு மருத்துவரிடம் அனுப்பினேன். அறுவை சிகிச்சை நடந்தது. கால் ஓரளவு திரும்பியது. லாரி ஓட்டும் தொழில் திரும்பவில்லை. இறக்கிய கூலியாக அவர் கையில் வந்தது முந்நூறு ரூபாய்!

ஓட்டுநருக்குக் கால் என்பது வெறும் கால் அல்ல. பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கட்டணமும் வீட்டு அடுப்பும் அந்தப் பாதத்தில்தான் நிற்கின்றன.

எதிரே வருவது யார்?

"அவர் உடம்பு, அவர் பாடு" என்று நாம் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. 5 டன் இறக்கிய கையைக் கொஞ்சம் நீட்டச் சொல்லிப் பாருங்கள், விரல் நடுங்கும். உடம்பு வியர்த்து வற்றியிருக்கும். அந்தக் கை மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிக்கிறது. அந்தக் கண் மதிய வெயிலில் சொக்குகிறது. திருச்சி - புதுக்கோட்டை ரோட்டில் எதிரே ஸ்கூட்டரில் வருவது உங்கள் மகளாக இருக்கலாம். ஆகவே இது ஓட்டுநரின் நலம் மட்டுமல்ல, நம் நலமும்தான்.

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு வரம்பு கட்டியது. அதில் முக்கியமான ஒரு வரி உண்டு. வண்டியில் வரும் சரக்கை ஏற்றி இறக்கும் நேரமும் வேலை நேரக் கணக்கில் சேரும் என்பதுதான் அது. அதாவது, இரண்டு மணி நேரம் இறக்கினால் ஓட்டுவதில் இரண்டு மணி நேரம் குறையணும்! அந்தச் சட்டத்தை 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். சட்டத்தின் பெயர் மாறலாம். இறக்கும் நேரமும் உழைப்பு நேரமே என்பது மாறுமா?

அமெரிக்காவிலும் இதே தகராறு இருந்தது. 1980-ல் அங்கே சட்டம் போட்டார்கள். சரக்குக்காரர் 'இறக்க ஆள் வை' என்று ஓட்டுநரிடம் சொன்னால், ஆளையோ கூலியையோ சரக்குக்காரரே கொடுக்க வேண்டும். மிரட்டி வேலை வாங்குவது குற்றம். ஜப்பானில் 2024 ஏப்ரலிலிருந்து லாரி ஓட்டுநரின் கூடுதல் வேலை நேரத்தை வருஷத்துக்கு 960 மணி என்று கட்டிவிட்டார்கள். ஏற்றி இறக்கவும் காத்திருக்கவும் எவ்வளவு நேரம் வீணாகிறது என்று கம்பெனிகள் கணக்குப் பார்த்தாக வேண்டிய நிலை. நம் நாட்டில் வடக்கே லாரிக்காரர்கள் 'ஜிஸ்கா மால், உஸ்கா ஹமால்' என்று கோஷம் வைத்திருக்கிறார்கள். யாருடைய சரக்கோ, கூலியாளும் அவருடைய பொறுப்பு என்று அர்த்தம். எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

"அப்போ எங்க பொழப்பு?"

இதைப் படிக்கிற சின்ன வண்டிக்காரர் கோபப்படலாம். 'குட்டி யானை' வைத்து ஓட்டுகிறவருக்கு வண்டியும் அவரே, டிரைவரும் அவரே. "இறக்கு கூலி இருநூறு ரூபா கிடைச்சாத்தான்யா டீசல் போக மிச்சம் நிக்கும். அதையும் வேண்டாங்கிறீங்களே?" என்று என்னிடமே கேட்டவர் உண்டு. அவர் கேட்பதும் சரிதான். பத்துப் பெட்டி, நாலு நாற்காலி, தலைக்கு 15, 20 கிலோவில் சாமான் என்றால், ஓய்வெடுத்துவிட்டு, பேசிய கூலிக்கு, தானாக விரும்பி இறக்கட்டும். யார் தடுத்தது? நான் தடுப்பது மூன்று. ஓட்டிய களைப்போடு இறக்குவது, தனியாளாக மூட்டை தூக்குவது, கூலி பேசாமல் 'டீக்குத் தர்றேன்' என்று வேலை வாங்குவது.

மறுபக்கம், லோடுமேன்களும் இருக்கிறார்கள். பாரம் தூக்குவது வெறும் பலம் அல்ல, ஒரு வித்தை. பலகை போடுவது, சும்மாடு வைப்பது, இருவர் தூக்கி ஒருவர் முதுகில் ஏற்றுவது, மூச்சு விட்டு அடி வைப்பது எல்லாம் அவர்களுக்குக் கைவந்த பழக்கம். ஓட்டுநரை இறக்கச் சொல்லும்போது அவர்கள் சோற்றிலும் கை வைக்கிறோம். ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. கேரளத்தில் சரக்கைத் தொடாமலே, பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கேட்கும் 'நோக்குகூலி' என்று ஒரு வழக்கம் இருந்தது. 2018 மே 1 முதல் அதை அந்த மாநில அரசு ஒழிப்பதாக அறிவித்தது. வேலை செய்தவருக்குக் கூலி, அதுதான் தர்மம். தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்படி நல வாரியம் இருக்கிறது. உங்கள் தெருவுக்கு வருகிற சுமைதூக்கும் தொழிலாளி அதில் பதிவு செய்திருக்கிறாரா என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். படித்தவர்கள் படிவம் நிரப்பிக் கொடுத்தாலே அது பெரிய உபகாரம்.

அவர்கள் முதுகும் இரும்பல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே, வளர்ந்த ஆண் ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக்கூடாது என்று பரிந்துரைத்தது. அது மேல் எல்லை. அதற்குக் கீழே எவ்வளவு குறைத்தாலும் நல்லதே. இங்கிலாந்தில் சிமென்ட் மூட்டை 25 கிலோதான். நம் நாட்டில் 2018-ல் யூரியா மூட்டையை 50-லிருந்து 45 கிலோவாகக் குறைத்தார்கள். முதுகுக்காக அல்ல, உரச் செலவைக் குறைக்க! 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான அரிசிப் பைக்கு ஜி.எஸ்.டி. வந்ததும், கடைகளில் 26 கிலோ பை முளைத்துவிட்டது. வரிக்காக ஒரு கிலோ கூட்டத் தெரிந்த நமக்கு, முதுகுக்காகப் பத்துக் கிலோ குறைக்கத் தெரியாதா?

முன்னோர் கட்டிய மேடை

எங்கள் பக்கத்துப் பழைய பாதைகளில் இன்றும் அங்கங்கே சுமைதாங்கிக் கல் பார்க்கலாம். இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் பாவியிருக்கும். கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக, அவள் இறக்கி வைக்காத சுமைக்கு ஈடாகக் கட்டியது. அதன் உயரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? தலைச்சுமையோடு வருகிறவர் குனியாமல், யாரையும் கூப்பிடாமல், அப்படியே தள்ளி வைக்கலாம். மறுபடி எடுக்கும்போதும் குனிய வேண்டாம். சுமப்பதைவிடக் குனிந்து இறக்குவதும் எடுப்பதும்தான் கொடுமை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது!

இன்றைய கடைக்கும் கிடங்குக்கும் வேண்டியது அதேதான். லாரிப் பலகையின் உயரத்துக்குச் சுமார் நாலடியில் ஒரு சிமென்ட் மேடை கட்டி, ஒரு தள்ளுவண்டியும் வாங்கி வைத்தால் போதும். ஒரு தடவை செலவு, பல முதுகுகள் பிழைக்கும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* லோடு சொல்லும்போதே "இறக்கு கூலி யார் தரணும், ஆள் யார் வைக்கணும்?" என்று பேசி முடித்துவிடுங்கள். நடு ராத்திரியில் வாசலில் நின்று பேசுவதுதான் எல்லாச் சண்டைக்கும் காரணம்.

* வண்டி வரும் நேரத்தைக் கேட்டு, அதற்கேற்ப ஆட்களை வரச் சொல்லுங்கள். முன்கூட்டியே வந்துவிட்டால் ஓட்டுநருக்குக் குடிக்கத் தண்ணீர், கழிப்பறை, படுக்க நிழல் கொடுங்கள். சின்ன விஷயம்தான். பதினான்கு வேகங்களில் பாதிக்கு அதுவே மருந்து!

* வேறு வழியே இல்லை, ஓட்டுநரும் கை கொடுக்கிறார் என்றால், இறங்கியதும் குறைந்தது கால் மணி நேரம் நடக்கட்டும். தூங்கி எழுந்திருந்தால் ஒரு மணி நேரம் போகட்டும். மூட்டையை இருவராகப் பிடிக்கட்டும். இடுப்பில் குனியாமல் முழங்காலை மடக்கி, பாரத்தை வயிற்றோடு ஒட்டி, மூச்சை விட்டுக்கொண்டே தூக்கணும். தூக்கியபடி இடுப்பைத் திருகக்கூடாது, காலைத்தான் திருப்பணும்.

* இறக்கி முடித்ததும் உடனே வண்டியை எடுக்க விடாதீர்கள். உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ கொடுத்து, அரை மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் ஓட்டுநர் இருந்தால்...

பாரம் தூக்கிப் பிடித்துக்கொண்ட வலிக்கு முதல் இரண்டு மூன்று நாள் உருவுவது, மிதிப்பது, சுளுக்கு எடுப்பது கூடவே கூடாது. கனமான வேலையை நிறுத்தி, வீட்டுக்குள் மெதுவாக நடமாடினால் போதும். நாள் கணக்கில் அசையாமல் படுப்பதும் நல்லதல்ல. தசைப்பிடிப்பாக இருந்தால் நொச்சி இலை, ஆமணக்கு இலை இரண்டையும் கொஞ்சம் விளக்கெண்ணெயில் வதக்கி, துணியில் முடிந்து, கை பொறுக்கும் சூட்டில் ஒற்றடம் கொடுக்கலாம். மரத்துப்போன இடத்தில் ஒற்றடம் வேண்டாம், சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். தைலமும் சூரணமும் பரிசோதித்த சித்த மருத்துவர் சொல்லியே சாப்பிடணும், தடவணும். வாரம் இரண்டு நாள் உளுந்தங்களி, நாள்தோறும் கீரை, வேளைக்கு வேளை தண்ணீர் என்று பழக்குங்கள். பீடி, சிகரெட் வட்டுகளுக்குப் போகும் ஊட்டத்தைக் குறைக்கும். முதுகு வலி உள்ளவர் முதலில் விடவேண்டியது அதைத்தான்.

இனி சொல்வதைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வலி ஒரு காலில் இறங்கிப் பாதம் தூக்க முடியாமல் போனால், இரண்டு தொடைக்கும் நடுவே மரத்துப்போனால், சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ தெரியாமல் போனாலோ, அந்த ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எண்ணெய், கஷாயம், வர்மம் என்று ஒரு நாளைக்கூடக் கடத்தாதீர்கள். சித்த மருத்துவன் நானே சொல்கிறேன்! அங்கே மணிக்கணக்கில் தாமதித்தால்கூட நரம்பு திரும்பாமல் போய்விடலாம்.

ஒரு லோடு இறக்க நாலு ஆளுக்குக் கூலி கொடுத்தால் நம் பட்ஜெட்டில் கொஞ்சம் துண்டு விழும், வாஸ்தவம்தான். அந்தத் துண்டை இதுவரை ஓட்டுநரின் முதுகில் போர்த்திக்கொண்டிருந்தோம். இனி லோடு சொல்ல போனை எடுக்கும்போது, விலையைக் கேட்ட கையோடு, "இறக்க ஆள் நாங்க வச்சிடறோம், டிரைவர் இறங்கி ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.